பிடித்து வைத்திருப்பது எது?
கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ். குடாநாட்டில் க.பொ.த. உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிக்கும் அன்பான பிள்ளைகளுக்கு,

வினாவில் ‘நிலைக்குத்து வட்டம்’ என்ற சொல்லைக் கண்டதும் உங்களில் பலர் சக்திக் காப்புச் சமன்பாட்டை எழுதிவிடுகிறீர்கள். அதில் பிழையில்லை. அடுத்த வரியில், முழுவட்டம் சுற்றுவதற்கான நிபந்தனையை மனப்பாடத்திலிருந்து அப்படியே இறக்குகிறீர்கள். புள்ளிகள் கழன்று போவது அந்த வரியில்தான். துணிக்கை இழையின் நுனியில் இருந்ததா, கோலின் நுனியில் இருந்ததா என்று வினாவைத் திரும்பிப் பார்த்தவர்கள் சிலர் மட்டுமே. விடைத்தாள்களை நெடுங்காலம் திருத்திய ஓர் ஆசிரியனாகச் சொல்கிறேன்: வட்ட இயக்கத்தில் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் அட்சரகணிதத்தில் அல்ல. படம் கீறும்போதே விட்டுவிடுகிறார்கள்.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது ஒரு கேள்வியைத்தான். வட்டத்தில் ஓடும் எந்தப் பொருளையும், சுழலும் எந்த உடலையும் கண்டால் முதலில் கேளுங்கள்: இதை அந்தப் பாதையில் பிடித்து வைத்திருப்பது எது? அதனால் இழுக்க மட்டும் முடியுமா, தள்ள மட்டும் முடியுமா, இரண்டும் முடியுமா?

இழையால் இழுக்க மட்டுமே முடியும். ஒப்பமான கோளத்தின் வெளிப்பரப்பில் இருக்கும் துணிக்கையை அந்தப் பரப்பு வெளிநோக்கித் தள்ளும், உள்நோக்கி இழுக்காது. உட்குழிவான கோளத்தின் உள்ளே ஓடும் துணிக்கைக்குப் பரப்பு கொடுக்கும் விசை எப்போதும் மையத்தை நோக்கியே இருக்கும். ஆகவே கணக்கைப் பொறுத்தவரை அது இழைதான். இலேசான கோலும், கம்பி வளையத்தில் கோத்த மணியும் வேறு சாதி. இவற்றில் விசை இரு பக்கமும் வரும், குறி மாறினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பாடநூலில் தனித்தனித் தலைப்புகளாகத் தெரிவது உண்மையில் இரண்டே வகை: ஒரு பக்கம் மட்டும் விசை தருவன, இரு பக்கமும் தருவன.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். கீழ்ப்புள்ளியிலிருந்து துணிக்கையை எறிகிறோம். எறியும் கதியை எழுத்துகளில் வைக்காமல், அந்தச் சக்தி எத்தனை ஆரை உயரத்துக்குப் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலின் நுனியில் இருந்தால் உச்சிக்குப் போக இரண்டு ஆரைக்கான சக்தி போதும். உச்சியில் கதி பூச்சியமாக இருந்தாலும் கோல் தாங்கிக்கொள்ளும். இழையின் நுனியில் இருந்தால் உச்சியிலும் இழை தளராமல் இருக்கவேண்டும். அதற்கு அங்கே குறிப்பிட்ட ஒரு கதி வேண்டும், அதன் விலை இன்னும் அரை ஆரை. ஆக இரண்டரை ஆரை. நீங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் 4உம் 5உம் இந்த இரண்டின், இரண்டரையின் இரு மடங்குகள்தான்.

சரி, கோலுக்குப் போதுமான அந்த இரண்டு ஆரைச் சக்தியை இழைக்குக் கொடுத்தால்? இதுதான் நல்ல வினா. துணிக்கை கிடைமட்டத்தைத் தாண்டி ஏறும், உச்சிக்குப் போகாது, இடையில் எங்கோ இழை தளரும். தளரும் கணத்தில் இழுவை பூச்சியம். அப்போது மையநோக்கு விசையாக நிற்பது, இழையின் திசையிலான நிறையின் கூறு மட்டுமே. அந்த இடத்தின் உயரம் கீழ்ப்புள்ளியிலிருந்து எத்தனை ஆரை என்று தெரியாது என்பதால் அதைத் தெரியாக்கணியமாக வையுங்கள். எஞ்சிய சக்தி, இரண்டிலிருந்து அந்த உயரத்தைக் கழித்தது. நிறையின் கூறைத் தரும் கோசைன், உயரத்திலிருந்து ஒன்றைக் கழித்தது. முன்னதன் இரு மடங்கு பின்னதற்குச் சமன். விடை 5/3. அதாவது கீழ்ப்புள்ளிக்கு மேலே ஆரையின் 5/3 மடங்கு உயரத்தில் இழை கையை விட்டுவிடுகிறது.

பலர் இந்த இடத்தில் பேனையை மூடிவிடுகிறார்கள். வினா முடியவில்லை. இழை தளர்ந்தபின் துணிக்கை ஓர் எறியம். தளரும் கணத்து வேகம் இழைக்குச் செங்குத்து, அதன் நிலைக்குத்துக் கூறு இன்னும் 5/27 ஆரை உயர்த்தும். மொத்த உயரம் 50/27 ஆரை. இரண்டை எட்டவில்லை. எட்டாத மீதி 4/27 எங்கே போனது? தொலையவில்லை. எறியத்தின் அதியுயர் புள்ளியில் துணிக்கை கிடைத்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த ஓட்டத்தின் சக்தியைக் கணக்கிட்டுப் பாருங்கள், சரியாக 4/27 ஆரைக்குச் சமன். இப்படிக் கணக்கு மூடிக்கொள்ளும்போது புள்ளித்திட்டத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. உங்கள் விடை சரியென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கோளத்தின் உச்சியிலிருந்து வழுக்கும் துணிக்கையும் இதே சங்கதிதான். ஆரையின் மூன்றிலொரு பங்கு கீழே இறங்கியதும் மறுதாக்கம் பூச்சியமாகிறது, கோசைன் 2/3, கோணம் ஏறத்தாழ 48 பாகை. திணிவும் கோளத்தின் பருமனும் ஈர்ப்பும் விடையில் இல்லை. கோளம் சந்திரனில் இருந்தாலும் துணிக்கை அதே இடத்தில்தான் கழன்று பறக்கும்.

ரியூசன் பற்றி ஒரு வார்த்தை. கொக்குவிலிலும் திருநெல்வேலியிலும் நெல்லியடியிலும் மாலை வேளையில் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் கொட்டில்களை நான் பழிக்கவில்லை. அங்கே நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் ‘இது அந்த வருசத்துப் பேப்பர் மாதிரி’ என்று வினாவுக்கு ஒரு வருடத்தைப் பெயராகச் சூட்டும் பழக்கம் உங்களைக் கெடுக்கிறது. கடந்தகால வினாத்தாள் செய்யவேண்டியதுதான். ஒரு வினாவைச் செய்து முடித்ததும் இழையைக் கோலாக மாற்றி மீண்டும் செய்யுங்கள். உட்பரப்பை வெளிப்பரப்பாக்குங்கள். ஒரு வினாத்தாளை இப்படிப் புரட்டிச் செய்பவருக்குப் பத்து வினாத்தாள்களைப் பார்த்து எழுதியவரைவிடக் கூடுதலாகத் தெரியும். பரீட்சைத் திணைக்களம் செய்வதும் இதைத்தானே, சென்ற முறை கோலாக இருந்ததை இம்முறை இழையாக்குகிறது.

இனி, துணிக்கையை விட்டு உடலுக்கு வருவோம். இணைந்த கணிதத்தில் நீங்கள் சுழற்றுவது துணிக்கையை மட்டும். விறைத்த உடலின் சுழற்சி பௌதிகவியலில் வருகிறது. ஆழமாக வருவது உயர் கணிதத்தில், அதை எடுப்பவர்களோ மிகக் குறைவு. இரண்டு பாடங்களுக்கு இரண்டு கொப்பிகள், இரண்டு வாத்திமார், இரண்டு ரியூசன். அதனால் கணித வகுப்பில் கேட்ட கேள்வியைப் பௌதிக வகுப்பில் கேட்க மறந்துவிடுகிறீர்கள். ஒரு நுனியில் பிணைக்கப்பட்ட சீரான கோலைக் கிடையாகப் பிடித்து விட்டால் நிலைக்குத்தாக வரும்போது கோண வேகம் என்ன என்று கேட்டால், கணிதப் பிள்ளை திணிவு முழுவதையும் நடுவில் குவித்துத் துணிக்கையாக்கி விடுகிறது. அந்தக் கணக்கில் கோண வேகத்தின் வர்க்கம், உண்மையானதன் 4/3 மடங்காக வரும். கோலின் வெளிப்பாதி, உட்பாதி மிச்சப்படுத்துவதைவிடக் கூடுதலான இயக்கசக்தியை வாங்குகிறது. அந்த வேறுபாட்டைச் சுமப்பதற்குத்தான் சடத்துவத் திருப்பம் இருக்கிறது.

பிணைச்சலைப் பாருங்கள். அதுவும் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள்தான், ஆனால் எல்லாத் திசையிலும் இழுக்கவும் தள்ளவும் வல்லது. எவ்வளவு, எத்திசையில் என்று முதலில் சொல்ல முடியாது. ஆகவே பிணைச்சலைப் பற்றித் திருப்பம் எடுங்கள், அந்தத் தெரியாத விசை கணக்கிலிருந்து விலகிவிடும். கோண ஆர்முடுகல் கிடைத்த பின் திணிவு மையத்துக்கு நியூட்டனின் இரண்டாம் விதியை எழுதினால் பிணைச்சல் தானாகவே வாயைத் திறக்கும். விட்ட கணத்தில் அது தாங்குவது கோலின் நிறையில் கால்பங்கு மட்டுமே. நிலைக்குத்தாக வரும்போது நிறையின் இரண்டரை மடங்கு.

இந்தக் கணக்கின் உள்ளே நம்பமுடியாத ஒன்று இருக்கிறது. விட்ட கணத்தில் கோலின் சுயாதீன நுனியின் ஆர்முடுகல் ஈர்ப்பின் ஒன்றரை மடங்கு. விழும் பொருளின் ஒரு பகுதி, தனியே விழும் கல்லைவிட வேகமாக விழுகிறது! நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். மீற்றர்க் கோலின் ஒரு நுனியை மேசையில் ஊன்றி, மறு நுனியை விரலில் தாங்கி, கோல் நெடுக ஐந்து ரூபாய்க் குற்றிகளை அடுக்குங்கள். விரலை எடுங்கள். ஊன்றிய நுனியிலிருந்து 67 சென்ரிமீற்றருக்கு அப்பால் இருக்கும் குற்றிகளைக் கோல் அந்தரத்தில் விட்டுவிட்டு முந்தி இறங்கும். அதற்கு இப்பால் உள்ளவை கோலோடு சேர்ந்தே வரும். நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கில் எல்லை ஏன் வந்தது என்பதை இரண்டு வரியில் நிறுவலாம். குற்றியைக் கோலோடு பிடித்து வைத்திருப்பது எது, அதனால் இழுக்க முடியுமா என்ற அதே கேள்விதான்.

அடியோடு அறுத்துச் சாய்க்கும் பனையும் இந்தக் கோல்தான். 20 மீற்றர் பனையைச் சீரான கோலாகக் கொண்டு, அடி நழுவாமல் சாய்கிறது என்றால், வட்டு நிலத்தில் அறையும் கதி செக்கனுக்கு 24 மீற்றருக்கு மேல். அதே உயரத்திலிருந்து விழும் தேங்காயின் கதி ஏறத்தாழ 20 மீற்றர். பனை தறிக்கும்போது பெரியவர்கள் எங்களை ஏன் அவ்வளவு தூரத்துக்குக் கலைத்தார்கள் என்பது இப்போது விளங்கும். போர்க்காலத்தில் பதுங்குகுழிக்காகக் குடாநாட்டில் தறிக்கப்பட்ட பனைகளுக்குக் கணக்கே இல்லை, அது வேறு துக்கம்.

அந்தக் காலத்தைத் தொட்டதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சனங்கள் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிச் செய்தி கேட்டார்கள். உங்கள் அப்பா அம்மாவைக் கேளுங்கள், சுற்றியது யார் என்று சொல்வார்கள். ரயரின் பக்கத்தில் டைனமோவின் உருளை உரசும் புள்ளியில் இரண்டின் கதியும் ஒன்று. ரயரின் ஆரை உருளையின் ஆரையைப்போல் சுமார் முப்பது மடங்கு, ஆகவே சில்லு ஒரு சுற்றுச் சுற்ற உருளை சுமார் முப்பது சுற்றுச் சுற்றும். இந்தச் சமன்பாட்டைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு. மழையில் நனைந்த ரயரில் லைற் மங்குவதைக் கண்டிருப்பீர்கள். வேண்டிய உராய்வு எல்லையைத் தாண்டிவிட்டது, உருளை வழுக்குகிறது, கதிகள் ஒன்றென்று எழுதிய வரி இனிச் செல்லாது. இழை தளர்வதும் டைனமோ வழுக்குவதும் கணித ரீதியில் ஒரே நிகழ்ச்சி.

சாய்தளத்தில் உருளும் வளையமும் வட்டத்தட்டும் அப்படியே. வழுக்காமல் உருளும்போது உராய்வு வேலை செய்வதில்லை, சக்திச் சமன்பாட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் உராய்வே இல்லையென்று எழுதிவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் உருளாது, வழுக்கும். வளையம் வழுக்காதிருக்க உராய்வுக் குணகம் சாய்வின் தாஞ்சனில் அரைப்பங்காவது வேண்டும், தட்டுக்கு மூன்றிலொரு பங்கு போதும். இந்த எல்லையை எழுத மறப்பவர்கள் ஏராளம்.

சக்திக் கணக்கைப் பரீட்சைக்கு மட்டும் உரிய வித்தையென்று நினைக்கவேண்டாம். வடமராட்சியில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து 1994இல் மறைந்த பேராசிரியர் அழகையா துரைராஜா, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தபோது கையில் எடுத்தது களிமண்ணை. அமுக்கி நெரிக்கும்போது மண்ணுக்குள் போகும் வேலையில் எவ்வளவு உராய்வில் கரைகிறது என்று அவர் கணக்குப் பார்த்தார். 1963இல் ரோஸ்கோ, ஸ்கோபீல்ட் என்னும் ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையை மண் பொறிமுறை படிக்கும் எவரும் இன்றும் தவிர்க்க முடியாது. போன சக்தி எங்கே என்று கேட்ட மனிதர் அவர். நீங்கள் 4/27ஐத் தேடியதும் அந்தக் கேள்வியோடுதான்.

சி. ஜே. எலியேசரின் பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த தமிழர், கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கின் மாணவர். கதிர்வீசும் இலத்திரனுக்கு டிராக் எழுதிய இயக்கச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, தன்னை ஈர்க்கும் புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் வரும் இலத்திரன் என்ன செய்யும் என்று 1943இல் கணக்கிட்டார். போய் மோத வேண்டியதுதானே? சமன்பாட்டின்படி அது ஒருபோதும் புரோத்தனைச் சென்றடையாது. கணிதத்தில் வழுவில்லை, நடக்கக்கூடியதாகவும் தெரியவில்லை. பிழை விடையில் இல்லை, சமன்பாட்டிலேயே ஏதோ இருக்கிறது என்று உலகம் யோசிக்கத் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. இழுவை மறைப்பெறுமானமாக வந்த பின்னும் ‘ஆகவே துணிக்கை வட்டத்தில் இயங்கும்’ என்று எழுதுகிறீர்களே, அப்போது எனக்கு எலியேசர் நினைவுக்கு வருவார்.

பரீட்சை மண்டபத்துக்கு வருவோம். இரண்டாம் வினாத்தாளின் பி பகுதியில் ஏழில் ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளி. வாசிப்பதற்குத் தரப்படும் பத்து நிமிடங்களில் சமன்பாடுகளை மனதில் ஓட்டாதீர்கள். சுழலும் வினாவைக் கண்டால், பிடித்து வைத்திருப்பது எது என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள். எழுதத் தொடங்கியதும் படத்தைப் பெரிதாகக் கீறுங்கள். உள்ளங்கையில் பாதி அளவுக்குப் படம் கீறி அதில் ஏழு அம்புக்குறிகளைத் திணிப்பவர்கள் தாளை எதற்காக மிச்சம் பிடிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விசை வேறு, ஆர்முடுகல் வேறு, இரண்டையும் ஒரே படத்தில் கலக்கவேண்டாம். மையநீக்க விசை என்று ஒன்றைச் சேர்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கடைசியாக ஒரு கணக்குத் தருகிறேன். எங்கள் தோட்டக் கிணறுகளில் வோட்டர் பம் வருமுன் இருந்த துலாவைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஆடுகாலின் மேல் ஊசலாடும் நீண்ட மரம், ஒரு நுனியில் கொடியும் பட்டையும், மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடக்கும் ஓர் ஆள். சீரான துலா, நீளம் 8 மீற்றர், திணிவு 90 கிலோகிராம், நடுவில் அச்சு. ஒரு நுனியில் தண்ணீரோடு பட்டை, 30 கிலோகிராம். மறுபக்கம் அச்சிலிருந்து 3 மீற்றரில் நிற்பவர் 60 கிலோகிராம். ஈர்ப்பு ஆர்முடுகல் 10. துலா கிடையாக ஓய்வில் இருந்து விடப்படுகிறது.

அவசரக்காரர் கொடியின் இழுவை 300 நியூற்றன், ஆள் மரத்தை அழுத்தும் விசை 600 நியூற்றன் என்று போட்டு, துலாவின் சடத்துவத் திருப்பமான 480ஆல் பிரித்து 1.25 என்பார். நிறையும் இழுவையும் ஒன்றென்று எடுத்ததுதான் பிழை. பட்டை மேல்நோக்கி ஆர்முடுகுகிறது, ஆள் கீழ்நோக்கி ஆர்முடுகுகிறார். மூவரையும் சேர்த்து எழுதினால் மொத்தச் சடத்துவத் திருப்பம் 1500, கோண ஆர்முடுகல் 0.4. இழுவை 348 நியூற்றன், ஆளின் அழுத்தம் 528 நியூற்றன். இந்த இரண்டையும் துலாவுக்கு மட்டும் போட்டுத் திருப்பம் எடுத்துச் சரிபாருங்கள்.

இனி உங்கள் பங்கு. ஆள் அதே இடத்தில் நிற்காமல், செக்கனுக்கு அரை மீற்றர் வீதம் நுனியை நோக்கி நடக்கிறார் என்று வையுங்கள். துலா ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் ஒரு கணத்தில் கோண ஆர்முடுகல் என்ன? சடத்துவத் திருப்பத்தைக் கோண ஆர்முடுகலால் பெருக்கினால் போதாது, ஏனென்றால் சடத்துவத் திருப்பமே மாறிக்கொண்டிருக்கிறது. கோண உந்தம் மாறும் வீதத்தை எழுதுங்கள், எதிர்பாராத ஓர் உறுப்பு கூடவே வரும். அது முடிந்ததும், பட்டை ஒருமுறை இறங்கி ஏறும் முழுச் சுற்றிலும் ஆள் எங்கே எங்கே நடக்கிறார் என்று கீறிப் பாருங்கள். வாலை, அதாவது பட்டைக்கு எதிர் நுனியை, நோக்கி நடக்கத் தொடங்கும்போது வால் உயர்ந்திருக்கிறது, அச்சை நோக்கித் திரும்பும்போது வால் தாழ்ந்திருக்கிறது. அவர் எந்நேரமும் ஏற்றத்தில்தான் நடக்கிறார், இறக்குகிற வேலையை மரம் பார்த்துக்கொள்கிறது. கிணற்றிலிருந்து தண்ணீரைத் தூக்கிய சக்தி எந்தக் கணத்தில், யாருடைய காலிலிருந்து, துலாவுக்குள் போனது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வாதாடுங்கள்.

அன்புடன்,
வடமராட்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கணித ஆசிரியன்